எண்பத்தேழு நாற்காலிகளின் உரிமையாளர்கள்

அனுப்புநர்:
பிரேமாவதி த/பெ அங்கமுத்து,
செயலாளர், தாமான் செம்பாக்கா துக்க உதவிச் சங்கம்,
எண் 27, லோரோங் 4, தாமான் செம்பாக்கா,
சுங்கை மெலூர், கெடா.

பெறுநர்:
திரு. சிவரூபன் முத்துக்குமாரு அவர்கள்,
செயலாளர்,
சுங்கை மெலூர் நகராண்மைக் கழகம்,
கெடா.

பொருள்: அமலாக்கப் பிரிவு 12.3.2025 அன்று எடுத்துச் சென்ற 87 நாற்காலிகளை 20.5.2025 ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி, அதே நாற்காலிகளைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விஷயமாக நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டையும் மலாய் மொழியில் எழுதினேன். இரண்டுக்கும் "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கிடைத்தது எனக்கும் தெரியும். நானே முகப்பில் நின்று முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவள். தாங்கள் தமிழ் வாசிப்பவர். சென்ற ஆண்டு தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சிறப்பு வருகையாளராக வந்து, கையில் தாள் இல்லாமலே பத்து நிமிடம் தமிழில் பேசினீர்கள். ஆகவே இடையில் யாரும் மொழிபெயர்த்துச் சுருக்கத் தேவையில்லாதபடி தமிழிலேயே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாங்களும் இரண்டு மாதமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2. அந்த விளையாட்டுப் போட்டியில் தாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சை நாற்காலி எங்கள் சங்கத்துடையது. அதன் முதுகில் வெள்ளைச் சாயத்தில் "கமலாம்பிகை டீச்சர்" என்று எழுதியிருக்கும். அதே பள்ளியில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தி 2017-இல் காலமானவர். சிறப்பு வருகையாளருக்கு எந்த நாற்காலி போடுவது என்பதை எங்கள் சங்கத்தின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் தேவன் அண்ணன் யோசித்துத்தான் செய்தார். அந்த நாற்காலி இப்போது தங்கள் கிடங்கில் இருக்கிறது. ஏலப் பட்டியலில் அதற்கு "பிளாஸ்டிக் நாற்காலி, பழையது" என்று பெயர்.

3. இந்த நாற்காலிகள் எங்களிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை மூடியபோது அறுபத்து நான்கு குடும்பங்கள் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். வீடுகள் சிறியவை. வாசலில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் சாலையில் நிற்க வேண்டும். 2009-இல் குணாளன் என்பவர் இறந்தபோது வந்தவர்கள் எண்ணெய் டின்னிலும் பழைய கார் டயரிலும் உட்கார்ந்தார்கள். மழை வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அவர் மனைவி குணவதி அக்கா கடைக்குப் போய் ஒரு நீல நாற்காலி வாங்கிவந்து, என் வீட்டு வாசலில் வைத்து, "இனிமே நம்ம தாமான்ல ஒரு சாவுக்கும் யாரும் நிக்க வேணாம் பிரேமா" என்றார். அடுத்து மணியம் இறந்தார். அவர் பிள்ளைகளும் பதினாறாம் நாள் ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒரு சாவுக்கு ஒரு நாற்காலி, முதுகில் போனவரின் பெயர். பதினாறு வருடத்தில் எண்பத்தேழு.

4. பெயர்களில் பெரும்பாலானவற்றை எழுதியவள் என் மகள் ரூபினி. பதினான்கு வயதில் தூரிகையைப் பிடித்தாள். முன்பு யார் யாரோ கிறுக்கி வைத்திருந்த பெயர்களையும் சுரண்டிவிட்டுத் திருத்தி எழுதினாள். அதோடு யாரையும் கேட்காமல் இன்னொரு வேலையும் செய்தாள். ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் போட்டு, உட்காரும் பகுதியின் அடியில் கறுப்பு மையால் அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினாள். கமலாம்பிகை டீச்சருக்கு: "தாமதமாக வந்தால் கதவைச் சாத்துவார்." மணியத்துக்கு: "கேரம் ஆட்டத்தில் ஏமாற்றுவார்." ஆ செங் என்ற கடைக்காரருக்கு: "எல்லார் பிள்ளை பெயரும் தெரியும், தன் பிள்ளை பெயரை மாற்றிக் கூப்பிடுவார்." குடும்பத்தார் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் பயந்தேன். மணியத்தின் மனைவி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில்கூட அப்படி அழாதவர், சிரித்துக்கொண்டே அழுதார்.

5. இவை சாவுக்கு மட்டும் போகிற நாற்காலிகள் என்று தங்கள் அலுவலகம் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் கோயில் திருவிழா, ஊரே கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் துப்புரவு நாள், பூப்பு நீராட்டு, நிச்சயதார்த்தம், நான்காவது லோரோங் தெருவில் இருக்கும் புவான் சலேஹா வீட்டு நோன்புப் பெருநாள் விருந்து என்று எல்லாவற்றுக்கும் போகும். கல்யாணத்துக்குச் சாவு நாற்காலியா என்று ஆரம்பத்தில் ஒருவர் முகம் சுளித்தார். "உங்க அப்பா பேரு போட்டதுதான், உக்காரலாமா வேணாமா?" என்று தேவன் அண்ணன் கேட்டார். அவர் உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் உட்காருமுன் பின்னால் திரும்பிப் பெயரைப் பார்ப்பார்கள். கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் இல்லையென்றால் அவர் நாற்காலியை மேடைக்கு நேரே போடுவோம். குணாளனும் மணியமும் உயிரோடு இருந்தபோது ஒன்பது வருடம் பேசிக்கொள்ளவில்லை. விசேஷம் முடிந்து அடுக்கும்போது தேவன் அண்ணன் வேண்டுமென்றே அந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். போனவர்களை நினைக்கத் தனியாக ஒரு நாள் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஊரில் எது நடந்தாலும் அவர்களும் வருவார்கள்.

6. இனி எங்கள் தவறு. நாற்காலிகளை வைக்க விளையாட்டுத் திடல் ஓரத்தில், கால்வாய்க்கு ஒதுக்கிய இடத்தில், அனுமதி வாங்காமல் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தோம். அது தவறு. பிப்ரவரியில் தங்கள் அமலாக்கப் பிரிவு ஒட்டிய அறிவிப்பை நாங்கள் பார்த்தோம். தைப்பூச வேலையில் தள்ளிப்போட்டோம். அதுவும் தவறு. மார்ச் 12-ஆம் தேதி லோரி வந்து கொட்டகையைப் பிரித்து நாற்காலிகளை ஏற்றிச் சென்றது. வந்த ஊழியர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பெயர்களைப் பார்த்து, நாற்காலி வாடகைக்கு விடும் கம்பெனியின் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். தமிழ் தெரியாதவர்கள், அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. கொட்டகையைப் பற்றி இந்த மனுவில் நான் ஒன்றும் கேட்கவில்லை.

7. மார்ச் 17-ஆம் தேதி நாற்காலிகளைக் கேட்டு அலுவலகம் சென்றேன். மூன்றாம் எண் முகப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருள், நிறம், உரிமையாளர் பெயர், முகவரி என்று கட்டங்கள். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்து, அதில் பன்னிரண்டு வருடம் லைன் லீடராக இருந்தவள். படிவம் நிரப்பத் தெரியாதவள் அல்ல. ஒரு பொருளை விட்டால் அனுப்பிய சரக்கு முழு லாட்டும் திரும்பி வரும் என்று என் லைனில் வேலை செய்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் ஒன்றுவிடாமல் எழுதினேன். நீல நாற்காலி, உரிமையாளர் குணாளன். சிவப்பு நாற்காலி, உரிமையாளர் மணியம். பச்சை நாற்காலி, உரிமையாளர் கமலாம்பிகை. இப்படி எண்பத்தேழு வரிகள், ஆறு தாள்கள், அவரவர் கடைசியாக இருந்த முகவரியோடு. அந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். வேறு எதை எழுதுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. குணாளனின் நாற்காலி குணாளனுடையது. எங்கள் தாமானில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இவர்கள் காலமானவர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்தத் தவறு முழுவதும் என்னுடையது.

8. ஏப்ரல் 9-ஆம் தேதி தபால்காரர் என்சிக் ரோஸ்லி என் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கைநிறைய அரசாங்க உறைகள். எங்கள் பகுதிக்குப் பதினெட்டு வருடமாகத் தபால் கொண்டுவருபவர், பாதிச் சாவுக்கு வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர். "கக் பிரேமா, இனி செமுவா சுடா தாக் அடா" என்றார். அக்கா, இவர்களெல்லாம் இப்போது இல்லையே என்று. நகராண்மைக் கழகம் எண்பத்தேழு பேருக்கும் பெயர் பெயராகக் கடிதம் அனுப்பியிருந்தது. பதினான்கு நாட்களுக்குள் அடையாள அட்டையுடன் நேரில் வந்து தங்கள் நாற்காலியைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் அது கேட்பாரற்ற பொருளாகக் கருதப்பட்டு ஏலத்தில் விடப்படும். ஏப்ரல் 23-ஆம் தேதி கெடு முடிந்தது. அவர்கள் யாரும் வரவில்லை. மறுநாளே ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டது.

9. இதற்கிடையில் நடந்த ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். இரண்டாவது லோரோங்கில் மருதம்மாள் இருக்கிறார். அவர் மகன் விக்னேஸ்வரன் பதினொரு வருடத்துக்கு முன் லோரி விபத்தில் இறந்தான். வயது முப்பத்தொன்று. அவனுக்கு வந்த கடிதம் அந்த அம்மாள் கையில் கிடைத்தது. மலாய் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். எண் எடுத்துக் காத்திருந்து, முகப்பில் இருந்த பெண்ணிடம், "எம் மவன் வரமாட்டான்மா, அதான் நான் வந்துருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. உரிமையாளர் வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சைகை செய்து, தாளிலும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அன்று மாலை மருதம்மாள் என் வீட்டுக்கு வந்து, "கையெழுத்து வேணுமாம் பிரேமா. நான் எங்க போயி வாங்குறது?" என்று கேட்டார். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

10. ஏப்ரல் 28-ஆம் தேதி பிச்சையம்மாள் இறந்தார். கொட்டகை போன பிறகு எங்கள் தாமானில் நடந்த முதல் சாவு. பதினாறு வருடமாக எந்தச் சாவு வீட்டிலும் அடுப்பைப் பற்றவைத்துக் கருப்புக் காப்பி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். வந்தவர்கள் எழுந்து போகாமல் இருக்க அந்தக் காப்பிதான் காரணம் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சாவுக்கு உட்கார இடமில்லை. புவான் சலேஹா வீட்டிலிருந்து நான்கு, ஆ செங் மகனின் கடையிலிருந்து பத்து ஸ்டூல். மற்றவர்கள் வெயிலில் சாலையில் நின்றார்கள். காலில் வலி உள்ளவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண்டாங்கிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த உறவினர்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மதியம் மின்சுடலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், பிச்சையம்மாளுக்குப் பக்கத்தில் அவர் மகள் வாசுகியும் நானும் மட்டுமே இருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. ஊர் முழுக்கப் பழகிய ஒரு பெண்மணி அப்படிப் போயிருக்கக் கூடாது.

11. அதற்கு மறுநாள், ஏப்ரல் 30-ஆம் தேதி, தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் பேசினார். நடந்ததைக் கேள்விப்பட்டு வருந்துவதாகவும், சங்கத்துக்குப் புத்தம் புதிதாக எண்பத்தேழு வெள்ளை நாற்காலிகள், கழகத்தின் சின்னத்தோடு, ஒரு வாரத்தில் இனாமாகக் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். நல்ல மனதோடு சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்களில் சிலர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கூட்டம் போட்டோம். குணவதி அக்கா எழுந்து, "புதுசு குடுக்கறவரு அதுல உங்க வீட்டுக்காரரு உக்காருவாருன்னு எழுதிக் குடுப்பாரா?" என்று கேட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த உதவியை நன்றியுடன் மறுக்கிறோம். புதிய நாற்காலிகளைத் தேவையுள்ள வேறு தாமானுக்குக் கொடுக்கலாம்.

12. இந்த மனுவில் என் சொந்த விஷயமும் இருக்கிறது. மறைத்து எழுதினால் நன்றாக இருக்காது. என் மகள் ரூபினி 2022 ஜூன் மாதம் டெங்கிக் காய்ச்சலில் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்து இறந்தாள். வயது இருபத்தைந்து. அவள் நாற்காலி எழுபத்து நான்காவது, மஞ்சள் நிறம். அவள் பெயரை எழுத அவள் இல்லை. அவள் எழுதிய மற்ற நாற்காலிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் எழுதினேன். கடைசி எழுத்து சறுக்கிவிட்டது. அடியில் எழுத வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை. ஒவ்வொரு வருடத் திதிக்கும் கவிழ்த்துப் போட்டு மையை எடுப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் அவளுக்கு உடனே வார்த்தை கிடைத்தது. எனக்கு என் பிள்ளையைப் பற்றி ஒரு வரி போதவில்லை. இந்த ஜூன் மாதம் அவளுடைய மூன்றாம் வருடத் திதி. இந்த முறை எழுதிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன், என்ன எழுதுவது என்றும் தெரிந்துவிட்டது. ஏலம் மே 20-ஆம் தேதி.

13. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) எண்பத்தேழு நாற்காலிகளையும் ஏலப் பட்டியலிலிருந்து உடனே நீக்க வேண்டும். ஒன்றிரண்டு கால் உடைந்தவை. அவையும் வேண்டும்.

ஆ) உரிமையாளர்கள் நேரில் வர இயலாத காரணம் இப்போது தங்களுக்குத் தெரியும். அவர்கள் சார்பில் சங்கம் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இறப்புப் பத்திரம் வேண்டுமென்றால் தருகிறோம். இதுவரை எழுபத்தொன்பது நகல்கள் சேர்த்துவிட்டோம், இம்மனுவுடன் இணைத்துள்ளேன். மீதி எட்டுக் குடும்பங்கள் சுங்கை லாலாங், பினாங்கு என்று சிதறிப் போயிருக்கின்றன, தேடிக்கொண்டிருக்கிறோம்.

இ) நாற்காலிகளைச் சட்டப்படி வைக்க, பொது மண்டபத்தின் பின்புறம் காலியாகக் கிடக்கும் அறையைச் சங்கத்துக்கு ஒதுக்க வேண்டும். பூட்டும் சாவியும் நாங்களே போட்டுக்கொள்வோம். தங்கள் அலுவலகம் எப்போது கேட்டாலும் திறந்து காட்டுவோம்.

ஈ) மருதம்மாளிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கடிதம் வேண்டாம், அவர் இனி அரசாங்கக் கடிதம் எதையும் பிரிக்கப்போவதில்லை. அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் நேரில் வர வேண்டும்.

14. மே 13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிச்சையம்மாளின் பதினாறாம் நாள். வாசுகி ஏற்கெனவே நாற்காலி வாங்கிவிட்டாள். சிவப்பு. பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். அன்று காலை காரியம் முடிந்ததும் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தங்கள் கிடங்குக்கு வருவோம். கூச்சல் போட மாட்டோம், சாலையை மறிக்க மாட்டோம். அதற்குள் எங்கள் நாற்காலிகள் விடுவிக்கப்பட்டிருந்தால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். விடுவிக்கப்படாவிட்டால் அந்த ஒன்றையும் மற்ற எண்பத்தேழோடு சேர்த்து வைத்துவிட்டு வருவோம். அவர் மட்டும் தனியாக எங்கள் வீட்டு வாசலில் இருக்க வேண்டியதில்லை. தாமானில் இனி யார் இறந்தாலும் பதினாறாம் நாள் அப்படியே செய்வது என்று கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம்.

15. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. எனக்கும் ஒரு நாற்காலி வரும். அதை ரூபினியின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும் என்று தேவன் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளுடையது எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடவடிக்கை எடுக்கப்படும்வரை காத்திருக்கும்,

(ஒப்பம்)
பிரேமாவதி த/பெ அங்கமுத்து
செயலாளர், தாமான் செம்பாக்கா துக்க உதவிச் சங்கம்

இடம்: சுங்கை மெலூர்
நாள்: 5.5.2025

இணைப்பு: இறப்புப் பத்திர நகல்கள் 79, நாற்காலிப் பட்டியல் 6 தாள்கள், சங்கக் கூட்டத் தீர்மானம், உறுப்பினர்கள் 112 பேரின் கையெழுத்துடன்.